ஆதிச் சபையும் குடிநீர்ப் புகார்ப் பிரிவும்

குடிநீர் வாரியத்தில் முப்பத்தோரு வருடமும் அவருக்கு ஒரே வேலைதான். வருகிற புகார்க் கடிதங்களைப் படித்து, பொறியாளருக்கு ஒரு வரியில் சாரம் எழுதிக் கொடுக்க வேண்டும். நாலு பக்கத்துக்குக் கடிதம் வரும். எழுதியவருடைய அப்பாவின் நேர்மை, மருமகனின் உத்தியோகம், உலகம் கெட்டுப்போன விதம் எல்லாம் அதில் இருக்கும். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "மூன்றாம் தெரு, குழாய் உடைப்பு, மேல்வீட்டுக்காரரோடு தகராறு" என்று எழுதுவார். தகராறு என்ற சொல் கடிதத்தில் எங்கேயும் இருக்காது. பொறியாளர் நேரில் போய்ப் பார்த்தால் இருக்கும். அதனால் அலுவலகத்தில் அவருக்குப் புகாரக்கா என்று பெயர் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பெயர் எங்கள் திருச்சபைக்கும் வந்து சேர்ந்தது.

கணவர் தையற்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. பாடகர் குழுவின் அங்கிகளை எல்லாம் அவர்தான் தைத்தார். யாருக்கு இடுப்பு எத்தனை அங்குலம் பெருத்தது என்ற விவரம் அவருக்கு மட்டுமே தெரியும். அதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. எங்கள் சபையில் ரகசியம் காத்த ஒரே மனிதர் என்று அவரைச் சொல்லலாம்.

சபைக்கு எழுபத்தைந்து வயது நிறைந்த வருடம் அது. விழா மலர் போட வேண்டும் என்று செயலாளர் முடிவு செய்தார். செயலாளர் மரக்கடைக்காரர். பதினோரு வருடமாக அந்தப் பதவியில் இருந்தார். ஒவ்வொரு வருடமும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேதான் நாற்காலியில் உட்காருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அக்காவை வாசலில் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, மலருக்கு ஒரு கட்டுரை வேணும். 'ஆதிச் சபையும் நம் சபையும்'. நாலு பக்கம். அஞ்சாம் பக்கம் நம்ம கடை விளம்பரம், அதனால நாலுக்கு மேல போயிடக் கூடாது."

"போதகர் எழுத மாட்டாரா?"

"அவருக்கு எங்க நேரம்? நீங்க ரிட்டயர் ஆனவங்க. கஷ்டமே இல்லக்கா. ஐம்பதாம் வருஷ மலர்ல இதே கட்டுரை இருக்கு. ஐம்பதை எழுபத்தஞ்சு ஆக்கினா போதும். கடைசி வரியை மட்டும் தொடாதீங்க."

"என்ன வரி அது?"

செயலாளர் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார்: "'ஆதிச் சபையை அப்படியே காண விரும்புவோர் நம் சபையைக் காணலாம்.' அப்பவே படிச்சிட்டு எனக்குப் புல்லரிச்சிடுச்சு."

அக்கா வீட்டுக்குப் போய்ப் பழைய கட்டுரையைப் படித்தார். அப்போஸ்தலர் காலத்து ஆதிச் சபையில் எல்லோரும் ஒரே மனதாய் இருந்தார்களாம். சண்டை இல்லை, பொறாமை இல்லை, நான் பெரியவன் நீ சின்னவன் என்ற பேச்சே இல்லை. அக்கா பென்சிலை எடுத்து ஓரத்தில் இரண்டே சொல் எழுதினார்: "அசல் எங்கே?"

அது அவருடைய தொழில் வழக்கம். நகலின் நகலைக் கொண்டுவந்து நீட்டுகிறவர்களிடம் முப்பத்தோரு வருடமும் இதைத்தான் கேட்டிருந்தார். தையற்காரர் ஊசியில் நூல் கோத்தபடி எட்டிப் பார்த்தார்.

"விடேன். ஐம்பதை எழுபத்தஞ்சு ஆக்கச் சொன்னா ஆக்கிட்டுப் போக வேண்டியதுதானே?"

"எல்லாரும் ஒத்துமையா இருந்தாங்கன்னு ஒரு காகிதம் என் மேஜைக்கு வந்ததே இல்லைங்க. ஒத்துமையா இருக்கிறவங்க எதுக்குக் கடுதாசி எழுதுறாங்க?"

மறுநாள் இரண்டு பஸ் மாறி இறையியல் கல்லூரி நூலகத்துக்குப் போனார். நூலகர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கூரை மின்விசிறி எந்த வேகத்தில் சத்தம் போடுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ஆதிச் சபையைப் பத்தி அந்தக் காலத்துலயே எழுதினது வேணும். பின்னாடி வந்தவங்க எழுதினது வேண்டாம்" என்றார் அக்கா.

நூலகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபது வருடத்தில் அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. மாணவர்கள் பரீட்சைக்கு முந்தைய வாரம் மட்டும் வருவார்கள். அதுவும் போன வருடக் கேள்வித்தாள் கேட்டு. அவர் உள்ளே போய்த் தூசி தட்டி மூன்று நூல்களைக் கொண்டுவந்து வைத்தார். முதலாவது, அப்போஸ்தலர்களின் கடிதங்கள் எழுதப்பட்ட காலவரிசையில். இரண்டாவது, சபையை எப்படி நடத்துவது என்று பழங்காலத்தில் யாரோ எழுதி வைத்த சின்னக் கைந்நூல். மூன்றாவது, ஒரு ரோமானிய ஆளுநர் தன் பேரரசருக்கு எழுதிய கடிதங்கள். அவர் விசுவாசி அல்ல, விசுவாசிகளை விசாரித்துத் தண்டித்தவர்.

"ஒண்ணு நினைவு வச்சுக்குங்கம்மா" என்றார் நூலகர். "கடிதங்கள்தான் முதல்ல வந்தது. ஆண்டவரோட வாழ்க்கையைச் சொல்ற நூல்கள் அதுக்குப் பின்னாடி எழுதினது. சபை எப்படி ஆரம்பிச்சதுன்னு சொல்ற வரலாறும் பின்னாடிதான்."

அக்காவுக்குச் சட்டென்று பிடிபட்டது. "அப்படின்னா புகார்க் கோப்பு முதல்ல, ஆண்டறிக்கை பின்னாடி."

"நாங்க இதை ஒரு பருவம் முழுக்க நடத்துறோம்" என்றார் நூலகர் வருத்தத்தோடு.

அடுத்த ஆறு வாரம் தையற்காரரின் வெட்டு மேஜையில் பாதி பறிபோனது. அக்கா ஒரு நீளப் பதிவேடு போட்டு, அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள் என்று கோடு கிழித்துக்கொண்டார். கடிதங்களைப் படிக்கப் படிக்க அவருக்குப் பழைய மேஜைக்கே திரும்பிப் போன மாதிரி இருந்தது. எல்லாமே பதில்கள், கேள்விகள் தொலைந்துபோயிருந்தன. பதிலை வைத்துக் கேள்வியைக் கண்டுபிடிக்க அவரைவிட்டால் எங்கள் சபையில் யார் இருக்கிறார்கள்?

"இங்க பாருங்க" என்று கணவரைக் கூப்பிடுவார். "இந்தச் சபையில ஒருத்தன் நான் இவரோட ஆளுங்கறான், இன்னொருத்தன் நான் அவரோட ஆளுங்கறான். அண்ணன் தம்பி மேல கோர்ட்ல வழக்குப் போட்டிருக்கான். வேற ஒரு ஊர்ல ரெண்டு பொம்பளைங்க பேசிக்கிறதில்ல. தயவுசெஞ்சு ஒத்துப்போங்கம்மான்னு அப்போஸ்தலர் கடுதாசியில பேர் போட்டே எழுதிட்டாரு. அதைச் சபையில சத்தமா வாசிச்சிருப்பாங்களே, அந்த ரெண்டு பேர் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்?"

"நம்ம பாடகர் குழுவுல கூட..." என்று ஆரம்பித்த தையற்காரர், ரகசியம் காப்பவர் என்பதால், ஊசியை வாயில் வைத்துக்கொண்டார்.

அக்காவுக்கு மிகவும் பிடித்தது ஒரு தடுமாற்றம். அந்தக் கடிதங்களை எழுதிய பெரிய அப்போஸ்தலர், உங்களில் இன்ன இரண்டு பேரைத் தவிர ஒருவருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்று கோபமாகச் சொல்கிறார். உடனே, ஆமாம், இன்னொரு வீட்டாருக்கும் கொடுத்தேன், அதற்கு மேல் வேறு யாருக்காவது கொடுத்தேனா என்று தெரியவில்லை என்கிறார். "பொய் எழுதுறவங்க இப்படி நடுவுல திருத்த மாட்டாங்க" என்றார் அக்கா. "கோபத்துல சொல்லச் சொல்லப் பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்து எழுதுறாரு. முதல்ல சொன்னதை அடிக்கவும் நேரமில்ல. இது அசல்."

தையற்காரரைத் தொட்டது வேறு. அதே அப்போஸ்தலரின் பெயரில் உள்ள ஒரு கடிதத்தில், ஒரு வீட்டில் விட்டுவிட்டு வந்த மேலங்கியை வரும்போது எடுத்து வா, குளிர்காலத்துக்கு முன்னால் வந்துவிடு என்று இருந்தது. கடிதம் அவர் எழுதியதுதானா என்பதில் அறிஞர்களுக்குச் சந்தேகம் உண்டு என்று அக்கா சொன்னார். தையற்காரருக்கு அந்தச் சந்தேகத்தில் அக்கறை இல்லை.

"அந்த அங்கி வந்து சேர்ந்துதா?"

"எழுதலைங்க."

"என்ன ஆளுங்க இவங்க" என்று சொல்லிவிட்டு அன்று முழுதும் அவர் சரியாகப் பேசவில்லை.

இதற்கிடையில் எங்கள் சபைக்கு ஊர் ஊராய்ப் பிரசங்கம் செய்யும் ஒரு சுவிசேஷகர் வந்திருந்தார். மூன்று நாள் கூட்டம் என்று அழைத்தோம். ஒன்பதாம் நாளும் விருந்தினர் அறையில்தான் இருந்தார். பரிசுத்த ஆவியானவர் இன்னும் போகச் சொல்லவில்லை என்றார். மூன்று வேளையும் சமைத்துப் போட்டது போதகரின் மனைவி. அந்த அம்மா தன் ரவிக்கையைப் பிடித்துத் தைக்க வேண்டும் என்று கடைக்கு வந்தபோது தையற்காரர் அளவெடுத்து, "ரெண்டு அங்குலம் இளைச்சிருக்கீங்கம்மா" என்றார். ரகசியம் காக்கும் விரதத்தைத் தையற்காரர் முறித்தது அந்த ஒரு முறைதான்.

போதகரின் மனைவியின் கண் மேஜையில் விரித்திருந்த கைந்நூலில் விழுந்தது. வருகிற அப்போஸ்தலரை ஆண்டவரைப் போலவே வரவேற்க வேண்டும் என்று இருந்தது. பெருமூச்சு விட்டார். ஒரு நாள் தங்கட்டும், தேவைப்பட்டால் இரண்டாம் நாளும் தங்கட்டும். மூன்று நாள் தங்கினால் அவன் போலித் தீர்க்கதரிசி என்று அடுத்து இருந்தது. புறப்படும்போது பணம் கேட்டாலும் போலிதான். அதை அவர் இரண்டு முறை படித்தார்.

"இது வேதத்துல எங்கக்கா இருக்கு?"

"வேதத்துல இல்லம்மா. ஆனா அந்த ஆதிக் காலத்துலயே எழுதினது."

"சேர்த்திருக்கணும்" என்றார் போதகரின் மனைவி, மிகுந்த விசுவாசத்தோடு.

ஆளுநரின் கடிதத்துக்கு வந்தபோதுதான் அக்காவின் சிரிப்பு நின்றது. அது விசாரணை அறிக்கை. விடியுமுன்னே ஒரு குறித்த நாளில் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணிப் பாடுகிறார்கள், திருட மாட்டோம், வாக்குத் தவற மாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள், பிறகு சாதாரணச் சாப்பாட்டைச் சேர்ந்து சாப்பிடுகிறார்கள் என்று கிடைத்த தகவலை ஆளுநர் எழுதுகிறார். உண்மையைக் கறக்க, சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாகவும், அளவுமீறிய மூடநம்பிக்கையைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை என்றும் அடுத்த வரியில் சொல்கிறார். அவ்வளவுதான். பெயர்கள் இல்லை.

அன்று மதியம் அக்கா பதிவேட்டில் ஒன்றும் எழுதவில்லை. பெறுநர் இருக்கிறார், அனுப்புநர் இருக்கிறார், நடுவில் இரண்டு பேர் மிதிபட்டுக் கிடக்கிறார்கள். அலுவலகத்திலும் அப்படிக் கோப்புகள் உண்டு. "பள்ளத்தில் விழுந்த கூலியாள் ஒருவர்" என்று இருக்கும்; பள்ளத்தின் நீள அகலம் மட்டும் துல்லியமாக இருக்கும். அந்த அறிக்கைகளுக்கு அவர்தான் சாரம் எழுதினார். எத்தனை பேருக்குப் பெயர் கேட்காமல் விட்டோம் என்று கணவரிடம் சொல்லி அழுதார்.

கட்டுரை நாலு பக்கத்தில் முடிந்தது. ஆதிச் சபை கடிதங்களில் எப்படித் தெரிகிறதோ அப்படியே எழுதினார். கட்சிகள், வழக்குகள், பேசாத இரண்டு பெண்கள், முன்னால் வந்தவர்கள் குடித்து மயங்க, பின்னால் வந்த ஏழைகள் பசியோடு நின்ற விருந்து, கிளம்பாத பிரசங்கியார், அவருக்கான விதி, கடைசியாகப் பெயரில்லாத அந்த இரண்டு பேர். எங்கள் சபையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முடிவில் மட்டும் செயலாளர் சொன்ன வரியை ஓர் எழுத்தும் மாற்றாமல் வைத்தார்: "ஆதிச் சபையை அப்படியே காண விரும்புவோர் நம் சபையைக் காணலாம்."

செயலாளர் தலைப்பைப் படித்தார். தாளைத் திருப்பிக் கடைசி வரியைப் படித்தார். மறுபடியும் புல்லரித்தது. அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார். போதகர் பார்த்தாரா என்று கேட்டதற்கு, "செயலாளர் பார்த்தாச்சு" என்றார்.

ஆயிரம் பிரதி வந்தது. விழா நாள் காலையில் எல்லோர் கையிலும் மலர். மேடையில் சிறப்பு விருந்தினர்கள் ஒருவரை ஒருவர் வாழ்த்திக்கொண்டிருந்த ஒன்றரை மணி நேரத்தில் சபை வேறு வழியில்லாமல் படிக்க ஆரம்பித்தது. முதலில் பின்வரிசையில் ஓர் இருமல் கேட்டது. அப்புறம் பாடகர் குழுவில் பத்து வருடமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு பெண்மணிகள் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். அதுவே பெரிய முன்னேற்றம். நாலாம் பக்கத்தில் போலித் தீர்க்கதரிசியை அடையாளம் காணும் விதி இருந்தது. அதற்கு நேர் எதிரே ஐந்தாம் பக்கம் முழுக்கச் செயலாளரின் சிரித்த முகம். கீழே பெரிய எழுத்தில், "போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்". மரத்தைப் பற்றித்தான் சொல்லியிருந்தார். ஆனால் மரத்தின் படம் இல்லை.

சுவிசேஷகரும் படித்தார். அன்று அவர் தங்கிய பதினைந்தாம் நாள். மதியச் சாப்பாட்டுக்குக் காத்திராமல், ஆவியானவர் அவசரமாக அழைக்கிறார் என்று பெட்டியோடு புறப்பட்டார். போதகரின் மனைவி வாசல்வரை போய் வழியனுப்பினார். வழிக்கு ரொட்டி மட்டும் கட்டிக் கொடுத்தாராம். அதுவும் கைந்நூலில் உள்ள விதிதான்.

பெரிய கூத்து சாப்பாட்டில் நடந்தது. எங்கள் வழக்கப்படி முதல் பந்தி முக்கியஸ்தர்களுக்கு. இரண்டாம் பந்தி மற்றவர்களுக்கு. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்ப்பவர்கள் காலை ஷிப்ட் முடிந்து வரும்போது பாத்திரத்தின் அடிதான் இருக்கும். அன்றும் முதல் பந்திக்கு மணி அடித்தார்கள். ஒருவரும் உட்காரவில்லை.

"நீங்க உட்காருங்க."

"ஐயோ, நான் எப்பவும் கடைசியில்தான். நீங்க உட்காருங்க."

"நான் சும்மா கை கழுவ வந்தேன்."

மேடையில் மாலை போட்டுக்கொள்ள முந்தியவர்கள் எல்லாம் நாற்காலியைக் கண்டால் தள்ளி நின்றார்கள். யார் முதலில் உட்காருகிறாரோ அவர்தான் அந்தப் பழைய கடிதத்தில் ஏழைகளை நிற்கவைத்துச் சாப்பிட்ட ஆள் என்று ஆகிவிடும். முக்கால் மணி நேரம் இப்படிப் பணிவு நடந்தது. சாப்பாடு ஆறியது. சமையற்காரர் கரண்டியோடு வெளியே வந்து, "சாப்பிடுவீங்களா, இல்ல ஜெபம் பண்ணிட்டே நிப்பீங்களா?" என்று கத்தினார். அதற்குள் துப்புரவுக்காரப் பெண்கள் ஆறு பேர் வேலை முடிந்து வந்துவிட்டார்கள். கூட்டம் நிற்பதைப் பார்த்து, சாப்பாடு முடிந்தது போலிருக்கிறது என்று திரும்பிப் போகப் பார்த்தார்கள். போதகர் ஓடிப்போய் அவர்களைக் கூட்டிவந்து முதல் மேஜையில் உட்காரவைத்தார். அதன் பிறகு எல்லோரும் விழுந்தடித்து உட்கார்ந்தார்கள். எழுபத்தைந்து வருடத்தில் எங்கள் சபை ஒன்றாகச் சாப்பிட்டது அன்றுதான். அன்புக்காக என்று சொல்ல மாட்டேன். பயந்துபோய்ச் சாப்பிட்டோம்.

இரண்டு வாரம் கழித்துப் பேராயர் அலுவலகத்திலிருந்து போதகருக்கு ஓர் உறை வந்தது. உள்ளே பேராயருக்கு யாரோ எழுதிய நாலு பக்கப் புகார். கையெழுத்து இடத்தில் "ஓர் உண்மை விசுவாசி". விசாரித்து அறிக்கை அனுப்பும்படி உத்தரவு. சபைக் குழு கூடியது. அக்காவை வரவழைத்தார்கள்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "விசுவாசத்துக்கே ஆபத்துன்னு எழுதியிருக்காங்கக்கா. யார்னு தெரியல. ஆனா ரொம்பப் படிச்சவர் மாதிரி தெரியுது."

"நான் பார்க்கலாமா?" என்று அக்கா கடிதத்தை வாங்கினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நாலு பக்கமும் படித்தார். முதல் பக்கத்தில் வேத நிந்தனை. இரண்டாவதில் வருங்காலச் சந்ததி. மூன்றாவதில் பாதிக்குக் கீழே, மலரின் பக்க அமைப்பு சில நல்ல குடும்பங்களைக் கேலிக்கு ஆளாக்கியது என்று ஒரே ஒரு வரி. நாலாவதில் மறுபடியும் வேத நிந்தனை. அக்கா பழக்கதோஷத்தில் வாய்விட்டே சாரம் சொல்லிவிட்டார்:

"பொருள்: அஞ்சாம் பக்க விளம்பரம்."

செயலாளர் தண்ணீர் குடித்தார். தம்ளரில் தண்ணீர் இல்லை, இருந்தும் குடித்தார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. போதகரிடம் மட்டும் சொன்னார்:

"ஐயா, அந்த ஆளுநர் கதையில இதுக்கும் பதில் இருக்கு. எழுதினவர் பேரில்லாம விசுவாசிகள் பட்டியல் ஒண்ணு வந்துச்சு, என்ன செய்யட்டும்னு ராஜாவைக் கேட்டாரு. பேர் போடாத புகாரை எந்த வழக்குலயும் எடுக்கக் கூடாது, அது கெட்ட முன்மாதிரி, நம்ம காலத்துக்குப் பொருந்தாதுன்னு ராஜா எழுதிட்டாரு. விசுவாசிகளைக் கொன்ன ராஜாவே அதை எடுக்கல. நாம எடுக்கலாமா?"

போதகர் நல்ல மனிதர்; சிரிப்பை அடக்கத் தெரியாதவர். ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். தோள் குலுங்குவது தெரிந்தது. குழு, புகாரை ஏற்க இயலாது என்று ஒரே மனதாய்த் தீர்மானித்ததாகக் குறிப்பேட்டில் எழுதியது. எழுதியவர் செயலாளர். மிஞ்சிய பிரதிகளைப் பூட்டிவைக்கவும் அதே ஒரே மனதோடு முடிவு செய்தார்கள். பேராயரிடமிருந்து பதில் ஒரே வரியில் வந்தது: மலரில் ஆறு பிரதி உடனே அனுப்பவும்.

பிறகு சிலர் அக்காவிடம் வந்து, அசலை நாங்களும் படிக்க வேண்டும் என்றார்கள். புதன்கிழமை மாலை, கடை மூடிய பிறகு, வெட்டு மேஜையைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். துப்புரவுக்காரப் பெண்களில் மூத்தவரும் வந்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். மற்றவர்கள் காலவரிசை பற்றி வாதாடிக்கொண்டிருக்க, அவர் மலரை விரித்து நாலாம் பக்கத்தில் விரலை வைத்தார்.

"அக்கா, இந்த ரெண்டு பொண்ணுங்க என்ன ஆனாங்க?"

"எழுதலம்மா."

"செத்துட்டாங்களா?"

"அதுவும் எழுதல."

"அவங்க சபையில யாராச்சும் பேரை எழுதி வச்சிருக்கலாமே. அவங்களுக்குமா எழுதத் தெரியாது?"

அந்த வாரமே அக்கா இரண்டு பஸ் மாறி நூலகரிடம் போய்க் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. தேடிப் பார்க்கிறேன் என்றார், இன்னும் தேடுகிறார்.

வாசிப்பு வட்டம் ஐந்தாவது வாரத்தில் உடைந்தது. கைந்நூல் முந்தியதா சில கடிதங்கள் முந்தியவையா என்ற வாதத்தில் ஆரம்பித்து, யார் யாரை முறைத்தார்கள் என்பதில் முடிந்தது. இப்போது புதன்கிழமை ஒரு வட்டம், சனிக்கிழமை ஒரு வட்டம். ஒருவரை ஒருவர் தப்பாகப் படிக்கிறவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அக்கா இரண்டுக்கும் போகிறார். துப்புரவுக்கார அம்மாவும் இரண்டுக்கும் வருகிறார். இப்போது முன்னைவிட வேகமாகப் படிக்கிறார். தையற்காரர் சனிக்கிழமைக்கு மட்டும்தான் வருவார். அன்றைக்குத்தான் டீ உண்டு.